பழைய காரில் போன் பாட்டு: கை படாமல் கேட்க ஒரு வழி

(நம் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில், ‘தெரிந்ததைப் பகிர்வோம்’ பகுதியில் சி பிளாக் குடியிருப்பாளர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்.)



போன கூட்டத்தில் இதே இடத்தில் நின்று மாடித்தோட்டம் பற்றிப் பேசினார்கள். அதற்கு முந்தைய கூட்டத்தில் தண்ணீர்த் தொட்டி சுத்தம் செய்வது பற்றி. இரண்டும் வீட்டுக்கு உபயோகமான விஷயம். நான் கார் ஸ்டீரியோவைப் பற்றிப் பேசப்போகிறேன் என்றதும் என் மனைவியே, “பாட்டு கேக்கறதுக்கெல்லாம் ஒரு பேச்சா?” என்று கேட்டாள். நியாயமான கேள்விதான். பதிலைக் கொஞ்ச நேரத்தில் சொல்கிறேன்.

நம் பார்க்கிங்கில் பத்து வயது தாண்டிய வண்டிகள் நிறைய நிற்கின்றன. என்னுடையதும் அதில் ஒன்று, 2008 வேகன்-ஆர். பதினைந்து வருடம் முடிந்ததும் 2023-இல் ஆர்.சி.யை ஐந்து வருடத்துக்குப் புதுப்பித்தேன். இன்ஜின் நன்றாக இருக்கிறது, ஏ.சி. நன்றாக இருக்கிறது. ஆனால் பாட்டெல்லாம் போனில் இருக்கிறது, ஸ்பீக்கர் எல்லாம் காரில் இருக்கிறது. இரண்டும் ஒன்றோடொன்று பேசுவதில்லை. உங்களில் பலருக்கும் இதே சங்கடம் இருக்கிறது என்று லிஃப்டில் பேசும்போது தெரிந்தது.

நான் முதலில் செய்தது, எல்லோரும் செய்வதுதான். சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் செருகும் ஒரு சின்ன எஃப்.எம். டிரான்ஸ்மிட்டர் வாங்கினேன். சில நூறு ரூபாய். போனிலிருந்து புளூடூத்தில் பாட்டை வாங்கி, ஒரு குட்டி வானொலி நிலையம் மாதிரி ஒலிபரப்பும். கார் ரேடியோவை அதே எண்ணில் வைத்தால் பாட்டு வரும். வேலை செய்தது. சந்தோஷமாக இருந்தேன்.

போன ஐப்பசியில் ஒரு மாலை. மழை தூறிக்கொண்டிருந்தது. கேட்டைத் தாண்டி உள்ளே வந்தேன். ஸ்பீட் பிரேக்கரில் ஏறி இறங்கியதும் டிரான்ஸ்மிட்டர் சாக்கெட்டில் ஆடி, பாட்டு கரகரவென்று ஆகிவிட்டது. என் பார்க்கிங்குக்கு இன்னும் நாற்பது மீட்டர்கூட இல்லை. அப்படியே விட்டிருக்கலாம். ஆனால் கை சும்மா இருக்கவில்லை. குனிந்து அதை அழுத்தி, சின்னத் திரையில் எண்ணைப் பார்த்து, பொத்தானைத் தட்டிக்கொண்டிருந்தேன்.

“சார்!” என்று வாட்ச்மேன் கத்திய சத்தம்தான் முதலில் கேட்டது. கால் தானாக பிரேக்கை மிதித்தது. தூணுக்குப் பின்னாலிருந்து வந்த ஒரு சைக்கிளின் முன்சக்கரத்துக்கும் என் பம்பருக்கும் நடுவில் ஒரு முழம்கூட இடம் இல்லை. சைக்கிளில் இருந்தது நம் வளாகத்துப் பையன். ஒன்பது வயது.

அவன் அம்மா ஓடி வந்தார்கள். என்னைத் திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். “இவன்தான் பாக்காம வந்துட்டான் அங்கிள், சாரி” என்றார்கள். நான் ஒன்றும் சொல்லாமல் வண்டியை நிறுத்திவிட்டு மேலே போய்விட்டேன். அன்று சொல்லாததை இன்று எல்லோர் முன்னாலும் சொல்கிறேன்: பார்க்காமல் வந்தது அவன் இல்லை, நான்தான். அவர்களிடம் கேட்டு, அவர்கள் சரி என்ற பிறகுதான் இதை இங்கே சொல்கிறேன்.

அன்று நான் மெதுவாகத்தான் வந்தேன். நம் வளாகத்தில் போர்டு வைத்திருப்பது போல மணிக்குப் பத்து கிலோமீட்டர் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அந்த வேகத்தில் ஒரு நொடிக்கு வண்டி இரண்டேமுக்கால் மீட்டர் நகரும். மூன்று நொடி கீழே பார்த்தால் எட்டு மீட்டருக்கு மேல், அதாவது இரண்டு சின்னக் காரின் நீளம், கண்ணை மூடிக்கொண்டு ஓட்டியதற்குச் சமம். வெளியே அறுபதில் போகும்போது அதே மூன்று நொடிக்கு ஐம்பது மீட்டர்.

அதனால்தான் இந்தப் பேச்சு. போனைக் கார் ஸ்டீரியோவில் இணைக்கப் பல வழிகள் உண்டு. கடையில் போய்க் கேட்டால் எதில் சத்தம் நன்றாக இருக்கும், எது விலை குறைவு என்றுதான் சொல்வார்கள். என் அனுபவத்தில் கேட்க வேண்டிய முதல் கேள்வி வேறு. வண்டி நகர்ந்த பிறகு இதைத் தொட வேண்டியிருக்குமா? தொட வேண்டியதில்லை என்றால் அது நல்ல வழி. அடிக்கடி தொட வேண்டும் என்றால் எவ்வளவு இனிமையாகப் பாடினாலும் அது வேண்டாம். இந்த ஒரு கேள்வியை வைத்துக்கொண்டு ஒவ்வொரு வழியாகப் பார்ப்போம்.

முதலில் உங்கள் செட்டின் முகத்தைப் பாருங்கள்

எதையும் வாங்கும் முன் ஒரு டார்ச்சை எடுத்துக்கொண்டு போய் உங்கள் காரின் ஸ்டீரியோவை ஐந்து நிமிடம் பாருங்கள். கேசட் போடும் வாய் இருக்கிறதா? ‘ஆக்ஸ்’ என்று எழுதிய சின்ன வட்டத் துளை இருக்கிறதா? யூ.எஸ்.பி. இருக்கிறதா? புளூடூத் அடையாளம் இருக்கிறதா? சில வண்டிகளில் ஆக்ஸ் துளை செட்டின் முகத்தில் இருக்காது. கையுறைப் பெட்டிக்குள்ளோ, ஹேண்ட்பிரேக் பக்கத்துப் பெட்டிக்குள்ளோ இருக்கும். பல வருடம் அந்தக் காரை ஓட்டியும் அப்படி ஒன்று இருப்பது தெரியாதவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

எந்த வாசல் திறந்திருக்கிறது என்று தெரிந்தால்தான் எதை வாங்குவது என்று தெரியும்.

ஆக்ஸ் துளை இருந்தால்

நீங்கள் அதிர்ஷ்டசாலி. ஹெட்போன் முனை மாதிரியே இருக்கும் 3.5 மில்லிமீட்டர் துளை அது. இரண்டு பக்கமும் அதே முனை உள்ள ஒரு வயர் போதும்.

ஆனால் இப்போது வரும் பல போன்களில் ஹெட்போன் துளையே இல்லை. டைப்-சி துளையிலிருந்து மாற்றித் தரும் ஒரு குட்டி வயர் வேண்டும். இங்கே ஒரு சூட்சுமம் இருக்கிறது. அந்த மாற்று வயரில் இரண்டு வகை. ஒன்று வெறும் வயர். போன் தானே ஒலியை அனுப்பினால்தான் அது வேலை செய்யும். இன்னொன்றுக்குள் டிஜிட்டல் தகவலை ஒலியாக மாற்றும் சின்னச் சில்லு இருக்கும். கடையில் அதை ‘டேக் உள்ளது’ என்று கேட்டு வாங்குங்கள். முதல் வகையை வாங்கிவிட்டு, “போன்ல போட்டா சத்தமே வரல” என்று திருப்பிக் கொடுக்கப் போனவர்கள் உண்டு. வயர் மேல் தவறு இல்லை, அந்தப் போனுக்கு அது பொருந்தாது. அவ்வளவுதான்.

வயர் கியர் மேலோ ஹேண்ட்பிரேக் மேலோ தொங்கக் கூடாது. நம் கேள்விக்கு இந்த வழி பரவாயில்லை என்றுதான் மதிப்பெண் போடுவேன். பாட்டு ஓடிக்கொண்டிருக்கும் வரை தொட வேண்டியதில்லை. ஆனால் வயரில் தொங்கும் போன், கை நீட்டு கை நீட்டு என்று கூப்பிட்டுக்கொண்டே இருக்கும்.

அதைவிட நல்லது, ஆக்ஸ் துளையில் செருகும் புளூடூத் ரிசீவர். கட்டைவிரல் அளவுதான் இருக்கும். போனைப் பையிலேயே வைத்துக்கொள்ளலாம்.

இதில் ஒரு தொல்லை வரலாம். காரை ஸ்டார்ட் செய்ததும் ‘ஙொய்’ என்று ஒரு சத்தம் கேட்கும். ஆக்ஸிலரேட்டரை மிதிக்க மிதிக்க அந்தச் சத்தமும் சுருதி ஏறும். ஸ்பீக்கர் போய்விட்டது என்று பயந்து மாற்றிவிடாதீர்கள். ரிசீவர் மின்சாரம் வாங்குவது சாக்கெட்டிலிருந்து, ஒலி கொடுப்பது ஸ்டீரியோவுக்கு. இரண்டும் காரின் உடம்பில் வெவ்வேறு இடத்தில் எர்த் ஆகியிருக்கும். அந்த வித்தியாசத்தில் ஆல்டர்னேட்டரின் இரைச்சல் ஒலி வயருக்குள் புகுந்துவிடுகிறது. கண்டுபிடிக்க சுலபமான சோதனை: ரிசீவரை சாக்கெட்டில் போடாமல் ஒரு பவர் பேங்கில் போட்டுப் பாருங்கள். சத்தம் நின்றுவிட்டால் காரணம் இதுதான். ‘கிரவுண்ட் லூப் ஐசோலேட்டர்’ என்று ஒரு சின்ன டப்பா ரிச்சி தெருவில் கிடைக்கும். ஆக்ஸ் வயருக்கு நடுவில் போட்டுவிட்டால் போதும்.

கேசட் வாய் இருந்தால்

சிரிக்காதீர்கள். ஆக்ஸ் இல்லாத வண்டியில் எஃப்.எம். டிரான்ஸ்மிட்டரை விட இதில் பாட்டு தெளிவாகக் கேட்கும். கேசட் வடிவத்திலேயே ஒரு அடாப்டர் வருகிறது. உள்ளே நாடா இருக்காது. நாடா தொட வேண்டிய இடத்தில் ஒரு சின்னக் காந்தத் தலை இருக்கும். போனிலிருந்து வரும் ஒலியை அது காந்த அலையாக மாற்றும், பிளேயரின் தலை அதை நாடா என்று நினைத்துப் படித்துவிடும். வயர் உள்ளதும் உண்டு, சார்ஜ் செய்து போடும் புளூடூத் வகையும் உண்டு.

சத்தம் மந்தமாக இருந்தால் பிளேயரின் தலையில் அழுக்கு என்று அர்த்தம். காது துடைக்கும் பஞ்சுக் குச்சியை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்து மெதுவாகத் துடைத்து, காய விடுங்கள். சத்தமே வரவில்லை என்றால், கேசட்டின் மறுபக்கம் ஓடிக்கொண்டிருக்கலாம். பக்கம் மாற்றும் பொத்தானை ஒருமுறை அழுத்துங்கள். சில ஆட்டோ ரிவர்ஸ் செட்டுகள் மட்டும் அடாப்டரை ஏற்காமல் துப்பித் துப்பி வெளியே தள்ளும். அதனோடு சண்டை போட வேண்டாம்.

பி பிளாக்கில் ஓர் அக்கா 2003 சான்ட்ரோ வைத்திருக்கிறார்கள். செட்டைக் கழற்றிவிட்டுப் புதிதாக மாட்டலாமா என்று என்னிடம் கேட்டார்கள். பேச்சுவாக்கில்தான் சொன்னார்கள், அவர்கள் அப்பா வளைகுடாவில் வேலை பார்த்தபோது கடிதத்துக்குப் பதிலாகப் பேசி அனுப்பிய கேசட் இரண்டு பீரோவில் இருக்கிறது என்று. வீட்டில் டேப் ரெக்கார்டர் போய் வெகு காலமாகிவிட்டது. அந்தக் கேசட்டைப் போட அவர்களிடம் மிச்சம் இருந்த ஒரே இயந்திரம் அந்தக் காரில்தான் இருந்தது. அவர்களே அதை யோசித்திருக்கவில்லை. செட்டைக் கழற்றவில்லை. தலையைச் சுத்தம் செய்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை கண்ணாடியெல்லாம் ஏற்றிவிட்டு, போனை ஸ்பீக்கர் பக்கத்தில் வைத்து இரண்டு கேசட்டையும் பதிவு செய்துகொண்டோம். நான் வெளியே நின்றுகொண்டேன்.

உங்களிடமும் பழைய கேசட் இருந்தால், செட்டைத் தூக்கிப் போடும் முன் ஒருமுறை பீரோவைப் பாருங்கள்.

யூ.எஸ்.பி. இருந்தால்

போனை யூ.எஸ்.பி. வயரில் இணைத்தால் பாட்டு வரும் என்று நினைக்கிறோம். பழைய செட்டில் பெரும்பாலும் வராது, சார்ஜ் மட்டும் ஏறும். அந்தத் துளை பென் டிரைவுக்காக வைத்தது. இப்போதைய போன் தன்னைப் பென் டிரைவ் மாதிரி காட்டிக்கொள்வதில்லை.

அப்படியானால் பென் டிரைவையே பயன்படுத்துங்கள். வெட்கப்பட வேண்டியதே இல்லை. என் கணக்கில் இதற்குத்தான் நூற்றுக்கு நூறு. சாவியைத் திருப்பினால் நேற்று விட்ட இடத்திலிருந்து பாட ஆரம்பிக்கும். டவர் வேண்டாம், டேட்டா வேண்டாம், போனே வேண்டாம்.

எம்பி3 பாட்டு, 128 கேபிபிஎஸ் தரத்தில் ஐந்து நிமிடத்துக்கு ஏறக்குறைய 5 எம்.பி. ஆகும். 8 ஜி.பி. பென் டிரைவில் ஆயிரத்து ஐந்நூறு பாட்டுக்கு மேல் பிடிக்கும். சென்னையிலிருந்து மதுரை போய்த் திரும்பினாலும் தீராது. கம்ப்யூட்டரில் அதை ‘ஃபேட்32’ முறையில் ஃபார்மேட் செய்ய வேண்டும். வேறு முறையில் செய்தால் பழைய செட் ‘எரர்’ என்று சொல்லிவிடும். 32 ஜி.பி.க்கு மேல் போகாதீர்கள், தேவையும் இல்லை. ஃபார்மேட் செய்தால் உள்ளே இருப்பது எல்லாம் அழிந்துவிடும், அதனால் காலி பென் டிரைவாக எடுங்கள். பேரன் படம் இருக்கும் பென் டிரைவை எடுத்துவிட்டு அப்புறம் என்னிடம் வராதீர்கள்.

புளூடூத் இருந்தும் பாட்டு வரவில்லை என்றால்

சில பழைய வண்டிகளில் புளூடூத் என்று போட்டிருக்கும், போன் பேசினால் காரில் கேட்கும், பாட்டு மட்டும் வராது. பழுது இல்லை. அழைப்புக்கு ஒரு முறை, பாட்டுக்கு வேறொரு முறை. அந்தக் கால செட்டில் அழைப்பு முறையை மட்டும் வைத்திருப்பார்கள். போனை எத்தனை தரம் அழித்து அழித்து இணைத்தாலும் பாட்டு வராது. ஆக்ஸ் துளையைத் தேடுங்கள்.

இணைக்கும்போது எண் கேட்டால் பெரும்பாலும் 0000 அல்லது 1234 இருக்கும்.

புளூடூத்தில் இன்னொரு வேடிக்கை. என் பார்க்கிங்குக்கு நேர் மேலே முதல் மாடியில்தான் எங்கள் வீடு. ஒருநாள் காலை காரை ஸ்டார்ட் செய்தால், பக்திப் பாட்டுக்குப் பதில், “வெங்காயம் பொன்னிறமாக வதங்கியதும்” என்று கார் பேசுகிறது. மனைவி மேலே சமையலறையில் பார்த்துக்கொண்டிருந்த வீடியோ. அவள் போன் தானாகக் காரோடு சேர்ந்துவிட்டது. மேலே அவள், சத்தம் வரவில்லையே என்று போனைத் தட்டிக்கொண்டிருந்திருக்கிறாள். சமையல் குறிப்பானதால் பிழைத்தோம். ஒரு வண்டிக்கு ஒரு போன் என்று வைத்துக்கொள்ளுங்கள். வண்டியை விற்கும்போது செட்டில் சேமித்த போன்களை அழித்துவிட்டுக் கொடுங்கள். பல செட்டுகள் உங்கள் போன் புத்தகத்தையே உள்ளே வாங்கி வைத்திருக்கும்.

எதுவும் இல்லை, ரேடியோவும் சி.டி.யும் மட்டும்தான் என்றால்

என் வண்டி இந்த ரகம். இதற்குத்தான் எஃப்.எம். டிரான்ஸ்மிட்டர். அன்று நடந்ததற்கு அதன் மேல் பழி போட மாட்டேன். ஆனால் இந்த வழிகளிலேயே அடிக்கடி கையைக் கூப்பிடுவது அதுதான், ஏன் என்று சொல்லிவிடுகிறேன்.

அதன் சக்தி மிகக் குறைவு. பக்கத்து எண்ணில் பலமான நிலையம் இருந்தால் அது இதை விழுங்கிவிடும். சென்னையில் 93.5, 98.3, 101.4, 106.4 என்று வரிசையாக நிலையங்கள். நடுவில் காலியான இடம் பார்த்து வைக்க வேண்டும். சென்னையில் காலியாக இருக்கும் எண் ஊர் போகப் போகக் காலியாக இருக்காது. கொடைக்கானல் வானொலியின் 100.5 தென் மாவட்டங்கள் பலவற்றில் கேட்கும். நீங்கள் அங்கே 100.5 வைத்திருந்தால் உங்கள் பாட்டின் நடுவில் அவர்கள் வருவார்கள். எண்ணை மாற்ற வேண்டும். மாற்ற வேண்டும் என்றால் ஓரம் கட்டி நிறுத்திவிட்டு மாற்றுங்கள். நிறுத்த முடியாத இடமா, செட்டை அணைத்துவிட்டுச் சும்மா போங்கள்.

இன்னொன்று, போனில் சத்தத்தை முக்கால் பங்குக்கு வைத்துவிட்டு, கூட்டுவதும் குறைப்பதும் கார் செட்டில் மட்டும் செய்யுங்கள். போனில் குறைத்து காரில் கூட்டினால் இரைச்சலும் சேர்ந்து பெரிதாகும். இது ஆக்ஸுக்கும் பொருந்தும்.

சாவியை எடுத்த பிறகும் சில கார்களில் லைட்டர் சாக்கெட்டில் மின்சாரம் இருக்கும். டிரான்ஸ்மிட்டரின் விளக்கு அணையவில்லை என்றால் இறங்கும்போது பிடுங்கி வையுங்கள்.

செட்டையே மாற்றுவது என்றால்

அந்தச் சம்பவத்துக்குப் பிறகு நான் மாற்றிவிட்டேன். முதலில் போன கடையில் பெரிய தொடுதிரை போடச் சொன்னார்கள். என் வண்டியின் பழைய செட் ஒற்றை அளவு, 18 சென்டிமீட்டர் அகலம், 5 சென்டிமீட்டர் உயரம். திரை வேண்டுமென்றால் இரட்டை அளவு, 10 சென்டிமீட்டர் உயரம் வேண்டும். டேஷ்போர்டை அறுத்துத் தருகிறோம் என்றார்கள். வேண்டாம் என்று விட்டேன். அறுப்பதற்காக மட்டும் இல்லை. திருகும் குமிழ் இருந்தால் கண்ணை எடுக்காமல் விரலாலேயே தடவிச் சத்தத்தைக் குறைக்கலாம். தொடுதிரையைப் பார்க்காமல் தொட முடியாது. நம் கேள்விக்கு அங்கேயே பதில் கிடைத்துவிட்டது. புளூடூத்தும் பென் டிரைவும் உள்ள, குமிழ் வைத்த ஒற்றை அளவு செட்டை வாங்கினேன்.

மாட்டும்போது இரண்டு விஷயம் கேளுங்கள். ஒன்று, வண்டியின் வயரை வெட்டக் கூடாது. உங்கள் கார் மாடலுக்கான கப்ளர் தனியாகக் கிடைக்கும், அதை வைத்து இணைத்தால் நாளைக்குப் பழையபடி மாற்றலாம். இரண்டு, மஞ்சள் வயரும் சிவப்பு வயரும். புதுச் செட்டில் மஞ்சள் எப்போதும் பேட்டரியோடு இருக்க வேண்டும், நினைவில் வைப்பதற்காக. சிவப்பு சாவியோடு வர வேண்டும். கறுப்பு எர்த். எனக்கு மாட்டியவர் மஞ்சளையும் சிவப்பையும் சேர்த்து முறுக்கிப் பேட்டரியில் கொடுத்துவிட்டார். சாவியை எடுத்தாலும் செட் முழுதாக உறங்காது. பெண் வீட்டுக்குப் போய் இரண்டு வாரம் கழித்து வந்து பார்த்தால் பேட்டரி செத்துக் கிடந்தது. மாட்டிய அன்றே சாவியை எடுத்துவிட்டுப் பாருங்கள். செட் அணைய வேண்டும். மறுபடி போட்டால் நிலையங்கள் நினைவில் இருக்க வேண்டும்.

கம்பெனி செட்டையே வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. சில செட்டுகள் பேட்டரியைக் கழற்றினால் திருட்டுத் தடுப்பு எண் கேட்கும். பேட்டரி மாற்றும் முன்பே வண்டியோடு வந்த புத்தகத்தில் அந்த எண்ணைத் தேடிக் குறித்துக்கொள்ளுங்கள்.

கிளம்பும் முன் ஒரு நிமிடம்

எந்த வழியாக இருந்தாலும் நான் இப்போது செய்வது இதுதான். உட்கார்ந்து பெல்ட் போட்டதும் போனை இணைப்பேன். போகும் தூரத்துக்கு ஏற்ற பாட்டு வரிசையைப் போடுவேன், ஒற்றைப் பாட்டு இல்லை. வழி தெரியாத இடம் என்றால் மேப்பில் இடத்தைப் போட்டுவிட்டு, வழி சொல்லும் குரல் காரில் கேட்கிறதா என்று பார்ப்பேன். குரல் காரில் கேட்டால் திரையைப் பார்க்கும் தேவை பாதி குறைந்துவிடும். நீங்கள் ரேடியோவைப் போட்டால் அந்தக் குரல் ஸ்டீரியோவில் வராது, அதையும் நினைவில் வையுங்கள். பிறகு போனைப் பையில் வைத்துவிடுவேன். டேஷ்போர்டு மேல் வைத்தால் நம் ஊர் வெயிலில் போன் கொதித்து நின்றுவிடும். அதன் பிறகே ஹேண்ட்பிரேக்கை எடுப்பேன்.

நடுவில் பிடிக்காத பாட்டு வந்தால் அதையும் கேட்டுவிட வேண்டியதுதான். ஐந்து நிமிடம். கேசட் காலத்தில் கேட்கவில்லையா நாம்?

சட்டமும் இதைத்தான் சொல்கிறது. 2019-இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தின் 184-ஆம் பிரிவில், ஓட்டும்போது கையில் போனைப் பயன்படுத்துவது ஆபத்தான ஓட்டுதலில் சேர்ந்துவிட்டது. முதல் முறைக்கே 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது ஆறு மாதம் முதல் ஒரு வருடம் வரை சிறை, அல்லது இரண்டும். ஆனால் நம் தூணுக்குப் பக்கத்தில் போலீஸ்காரர் நிற்க மாட்டார். அங்கே வருவது நம் பிள்ளைகள்தான்.

பார்க்கிங்கில் இன்னொரு மரியாதையும் உண்டு. இரவு சத்தமாகக் கேட்டுவிட்டு அப்படியே அணைத்தால், காலை ஐந்தரை மணிக்குச் சாவியைத் திருப்பும்போது அதே சத்தத்தில் ஆரம்பிக்கும். மேலே முதல் மாடியில் கைக்குழந்தைகள் தூங்குகின்றன. இறங்கும் முன் குமிழைக் குறைத்துவிட்டு இறங்குங்கள்.

முடிக்கும் முன் சங்கத்துக்கு ஒரு கோரிக்கை. சி பிளாக் தூணுக்கு எதிரே ஒரு குவிகண்ணாடி வைத்தால் சைக்கிளில் வரும் பிள்ளைகள் முன்கூட்டியே தெரிவார்கள். செலவை நானே ஏற்றுக்கொள்கிறேன், இடத்தைக் குழு முடிவு செய்யட்டும். என் தவறை அந்தக் கண்ணாடியின் மேல் தள்ளிவிடுவதற்காகக் கேட்கவில்லை. எல்லோருக்கும் என்றைக்காவது ஒருநாள் கண் நழுவும், அதற்காகத்தான்.

வரும் ஞாயிறு காலை எட்டு மணி முதல் பத்து மணி வரை என் பார்க்கிங்கில் இருப்பேன். ஆக்ஸ் வயர், கேசட் அடாப்டர், புளூடூத் ரிசீவர் எல்லாம் ஒவ்வொன்று என்னிடம் இருக்கிறது. உங்கள் வண்டியைக் கொண்டு வாருங்கள், போட்டுப் பார்த்துவிட்டு எது பொருந்துகிறதோ அதை வாங்குங்கள். வண்டியை ஓரமாக நிறுத்தி, இன்ஜினை அணைத்துவிட்டுத்தான் ஸ்டீரியோவில் கை வைப்பேன். காபிக்கு என் மனைவி ஒப்புக்கொண்டிருக்கிறாள். பாட்டு கேட்க ஒரு பேச்சு தேவைதான் என்று இப்போது அவளும் சொல்கிறாள்.